பெயர்ப்பலகையில் ஒரு வரலாறு

நுழையும்முன்

நாள்தோறும் கண்ணில் படுவதாலேயே நாம் ஊன்றிப் படிக்காமல் விடும் எழுத்துகள் பல. பள்ளி வாயிலின் மேலுள்ள பெயர்ப்பலகையும் அவற்றுள் ஒன்று. ஊராட்சி ஒன்றியம், மாநகராட்சி, அரசு, அரசு உதவி பெறும் என்னும் சொற்களை அடைமொழிகள் என்றே நாம் எண்ணிக் கடந்துவிடுகிறோம். ஒரு குழந்தையின் கல்விக்கு யார் பொறுப்பு என்னும் வினாவிற்குத் தமிழ்ச் சமூகம் வெவ்வேறு காலங்களில் அளித்த விடைகள் அச்சொற்களில் பொதிந்துள்ளன. சென்னையின் மேற்குப் புறநகரை எடுத்துக்காட்டாகக் கொண்டு அவ்விடைகளைப் படித்தறிவோம்.

பலகையில் உள்ள சொற்கள்

சென்னையிலிருந்து மேற்கே செல்லும் இருப்புப்பாதை தென்னிந்தியாவின் முதல் பயணியர் இருப்புப்பாதையாகும். 1856-ஆம் ஆண்டு சூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை அதில் தொடர்வண்டி ஓடத் தொடங்கியது. அப்பாதையை ஒட்டி அமைந்த ஊர்கள் அம்பத்தூரும் ஆவடியும். அவற்றிற்குத் தெற்கே, பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலையில் பூவிருந்தவல்லி அமைந்துள்ளது. மக்கள் வழக்கில் இது பூந்தமல்லி.

இம்மூன்று ஊர்களையும் சுற்றி வரும் ஒருவர் பலவகைப் பள்ளிகளைக் காண்பார். ஒரு வாயிலில் 'ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி' என்றிருக்கும். மற்றொன்றில் 'அரசு மேல்நிலைப் பள்ளி' என்றிருக்கும். சென்னை மாநகராட்சியின் பள்ளிகள் 'சென்னைப் பள்ளி' என்னும் பெயரைத் தாங்கி நிற்கும். அறக்கட்டளைகளும் சமய நிறுவனங்களும் நடத்தும் பள்ளிகள் 'அரசு உதவி பெறும்' என்று தம்மைக் குறித்துக்கொள்ளும். படைத்துறைத் தொழிலகங்கள் நிறைந்த ஆவடியில், நடுவண் அரசின் கேந்திரிய வித்யாலயா பள்ளிகளும் உண்டு. திருவள்ளூர் மாவட்டத்தில் ஆதிதிராவிடர் நலத் துறையின் பள்ளிகளும் இயங்குகின்றன.

ஒரே தெருவில் வாழும் குழந்தைகள் இத்தனை வகைப் பள்ளிகளுக்குப் பிரிந்து செல்வது ஏன்? இவையனைத்தையும் ஒருவரே திட்டமிட்டு ஒரே நாளில் அமைக்கவில்லை. ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வோர் அமைப்பு பொறுப்பேற்றது. பழைய அமைப்பு நீங்காமலே புதிய அமைப்பும் வந்து சேர்ந்தது. ஆகவே, பலகைகளைக் கால வரிசையில் அடுக்கிப் பார்த்தால் பொதுக்கல்வியின் வரலாறு நமக்குப் புலப்படும்.

திண்ணையும் மணலும்

அரசு பள்ளி நடத்தாத காலத்திலும் ஊர்களில் பள்ளிகள் இருந்தன. திண்ணையிலும் மரத்தடியிலும் கோயில் மண்டபத்திலும் கணக்காயர் ஒருவர் பாடம் சொல்லித்தந்தார். மாணவர்கள் மணலில் விரலால் எழுதிப் பழகினர். பின்னர் ஓலையில் எழுதினர். எண்சுவடியை மனப்பாடம் செய்தனர். ஆசிரியர்க்குரிய ஊதியத்தைப் பெற்றோர் நெல்லாகவும் பணமாகவும் அளித்தனர். முன்னரே கற்ற மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை இளையவர்க்குக் கற்பித்தான்.

இம்முறை கடல் கடந்தும் சென்றது. சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆண்குழந்தைகளுக்கான காப்பகத்தைக் கண்காணித்துவந்த ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், உள்ளூர்க் குழந்தைகள் மணலில் எழுதிப் பழகுவதையும் மாணவரே மாணவர்க்குக் கற்பிப்பதையும் தம் காப்பகத்தில் நடைமுறைப்படுத்தினார். அதுபற்றி அவர் 1797-இல் இலண்டனில் வெளியிட்ட அறிக்கையின் வழியாக, 'மெட்ராஸ் முறை' என்னும் பெயரில் இங்கிலாந்தின் பள்ளிகளில் அது பரவியது.

திண்ணைப் பள்ளிகளின் பரப்பை நாம் அறிய உதவுவது, சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல் ஆணையிட்டு நடத்திய கணக்கெடுப்பு. மாவட்ட ஆட்சியர்கள் அனுப்பிய விவரங்களைத் தொகுத்து 1826-இல் அவர் எழுதிய குறிப்பின்படி, மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. அவற்றில் 1,88,650 மாணவர்கள் பயின்றனர். ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ ஒரு பள்ளி என்பது அக்கால அளவில் சிறிய எண்ணிக்கையன்று. ஆனால், அம்மாணவர்களுள் பெண்குழந்தைகள் 4,540 பேர் மட்டுமே. நூற்றுக்கு மூவர் என்னும் அளவைக்கூட அது எட்டவில்லை. தீண்டாமைக் கொடுமைக்கு ஆளான மக்களின் குழந்தைகளுக்குத் திண்ணையின் படி பெரும்பாலும் எட்டாத உயரமாகவே இருந்தது.

குழந்தையின் கல்விக்குக் குடும்பமே பொறுப்பு என்பது திண்ணைப் பள்ளி தந்த விடை. வசதியும் வழக்கமும் இடங்கொடுத்த குடும்பத்துக் குழந்தைகளே அதனால் பயன்பெற்றனர்.

துறை பிறந்த கதை

இந்தியாவின் கல்விக்கு அரசு நிலையான அமைப்பை ஏற்படுத்த வேண்டும் என்று 1854-இல் வெளியான உட்ஸ் அறிக்கை வலியுறுத்தியது. அதன் பயனாகச் சென்னை மாகாணத்தில் 1855-இல் பொதுக் கல்வித் துறை தோன்றியது. தனியார் நடத்தும் பள்ளிகளை ஆய்வு செய்து, தகுதியுடையவற்றிற்கு நிதி உதவி வழங்கும் முறையும் அப்போது வேரூன்றியது. இன்றைய பலகைகளில் காணும் 'அரசு உதவி பெறும்' என்னும் தொடரின் பிறப்பிடம் இதுவே. இன்றும் அத்தகைய பள்ளிகளில் நிருவாகம் தனியாரிடம் இருக்க, ஏற்பளிக்கப்பட்ட பணியிடங்களின் ஆசிரியர்களுக்கு அரசே ஊதியம் அளிக்கிறது.

துறை பிறந்தபோதும் ஊர்தோறும் பள்ளி நடத்தும் பொறுப்பை அரசு நேரடியாக ஏற்கவில்லை. அப்பொறுப்பு, காலப்போக்கில் உருவான மாவட்ட, வட்டக் கழகங்களுக்கும் நகராட்சிகளுக்கும் சென்றது. 1920-ஆம் ஆண்டின் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம், கல்விக்கென வரி விதிக்கவும் தம் எல்லைக்குள் கட்டாயக் கல்வியைக் கொண்டுவரவும் உள்ளாட்சி அமைப்புகளுக்கு வழிவகுத்தது. குடும்பத்தின் பொறுப்பாக இருந்த கல்வி, ஊரின் பொறுப்பாக மாறிய காலம் இது.

மாநகராட்சி அளித்த உணவு

பொறுப்பேற்ற அமைப்பு, குழந்தையின் தேவையை அருகிலிருந்து காணும் வாய்ப்பைப் பெறுகிறது. சென்னை மாநகராட்சி 1688-இல் தோன்றிய பழமை வாய்ந்த அமைப்பு. சர் பிட்டி தியாகராயர் அதன் மன்றத் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பகுதியின் மாநகராட்சிப் பள்ளியில் மாணவர்களுக்கு நண்பகல் உணவு வழங்க 1920 செப்டம்பர் 16 அன்று மன்றம் ஒப்புதல் அளித்தது. ஒரு மாணவர்க்கு நாளொன்றுக்கு ஓரணாவிற்கு மிகாமல் செலவிட வேண்டும் என்பது வரையறை. பசித்த வயிற்றோடு வரும் குழந்தை பாடத்தை நினைவில் நிறுத்த இயலாது என்னும் எளிய உண்மையே அத்தீர்மானத்தின் அடிப்படை.

தொடக்கக் கல்வி நிதியிலிருந்து உணவிற்குச் செலவிடக் கூடாது என்று அரசு 1925-இல் மறுத்ததால் அத்திட்டம் தடைப்பட்டது. பின்னர் வேறு வகையில் உயிர்பெற்றது. ஒரு திட்டம் நல்லதாக இருப்பது மட்டும் போதாது. அதற்கான நிதி எந்தக் கணக்கிலிருந்து வரும் என்பதும் உறுதிப்பட வேண்டும் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது. 1956-இல் மாநில அளவில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியபோது மக்களின் நன்கொடையே அதன் முதல் ஊற்று. அரசின் நிதி பின்னர் அதனோடு சேர்ந்தது. 1982-இல் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022 செப்டம்பர் 15 அன்று தொடக்கப் பள்ளி மாணவர்களுக்கான காலை உணவுத் திட்டம் மதுரையில் தொடங்கப்பட்டது. ஊரகப் பகுதிகளின் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு அது விரிவுபடுத்தப்பட்டபோது, 2024 சூலை 15 அன்று அதன் தொடக்கவிழா திருவள்ளூர் மாவட்டக் கீழச்சேரியில் நடைபெற்றது.

வாயிலுக்கு வெளியே நின்றவர்கள்

ஊர் பள்ளி நடத்தியபோது, ஊரார் தம்முள் ஒருவராக ஏற்காத மக்களின் குழந்தைகள் என்ன ஆயினர்? சட்டம் திறந்து வைத்த வாயிலைச் சாதி வழக்கம் பல ஊர்களில் அடைத்து வைத்தது. ஊரின் நடுவே இருந்த பள்ளிக்குள் சேரிக் குழந்தைகள் நுழைய இயலவில்லை.

அடைபட்ட வாயிலுக்கு மாற்றாகத் தனி வாயில்கள் எழுந்தன. அயோத்திதாசப் பண்டிதர் போன்ற முன்னோடிகளின் ஊக்கமும் பிரம்மஞான சபையின் ஆல்காட் அவர்களின் முயற்சியும் இணைந்து, 1894-இல் அடையாற்றில் ஒடுக்கப்பட்ட குழந்தைகளுக்கான இலவசப் பள்ளியைத் தோற்றுவித்தன. 1920-களில் அரசின் தொழிலாளர் துறையும் அத்தகைய பள்ளிகளைத் திறந்தது. அம்மரபின் தொடர்ச்சியே இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள்.

ஒரு காலத்தில் உரிமையை மீட்டுத் தந்த பெயர், இன்று மாணவர்களைப் பிரித்துக் காட்டும் அடையாளமாக ஆகிவிடக் கூடாது என்னும் எண்ணமும் வலுப்பெற்று வருகிறது. பள்ளி மாணவரிடையே சாதி உணர்வால் எழும் மோதல்களைத் தவிர்க்க அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு, பள்ளிப் பெயர்களில் சாதிக் குறிப்புகள் இடம்பெறக் கூடாது என்று 2024-இல் பரிந்துரைத்தது. பெயர்ப்பலகை பழமையைக் காட்டுவது மட்டுமன்று; அதைத் திருத்தும் உரிமையும் சமூகத்திற்கு உண்டு.

கடம்பத்தூர் காட்டிய வழி

விடுதலைக்குப் பின் கல்வி குறித்த வினா மேலும் கூர்மையடைந்தது. 1953-இல் கொண்டுவரப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டம், பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் குழந்தைகள் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும் என்றது. பிறப்பால் அமைந்த தொழிலுக்கே குழந்தையைத் திருப்பி அனுப்பும் 'குலக்கல்வி' என்று அதனைப் பலரும் எதிர்த்தனர். 1954-இல் காமராசர் முதலமைச்சரானபின் அது கைவிடப்பட்டது.

அதன்பின் பள்ளிகள் பெருகின. ஒரு மைல் தொலைவுக்குள் தொடக்கப் பள்ளி, மூன்று மைல் தொலைவுக்குள் நடுநிலைப் பள்ளி, ஐந்து மைல் தொலைவுக்குள் உயர்நிலைப் பள்ளி என்பது இலக்காக வகுக்கப்பட்டது. குழந்தையின் கால்கள் நடக்கக்கூடிய தொலைவு எவ்வளவு என்பது அரசின் திட்டத்திற்கு அளவுகோலாயிற்று.

பள்ளிகள் திறக்கப்பட்டன, ஆனால் பலவற்றில் கரும்பலகை இல்லை, இருக்கை இல்லை, உறுதியான கூரையும் இல்லை. அனைத்தையும் அரசின் கருவூலத்தால் உடனே நிறைவு செய்ய இயலாத சூழல். அப்போது பொதுக் கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு, ஊராரைப் பள்ளியோடு இணைக்கும் பள்ளிச் சீரமைப்பு இயக்கத்திற்கு வழிகாட்டினார். அவ்வியக்கத்தின் முதல் மாநாடு 1958-இல் கடம்பத்தூரில் நடைபெற்றது. அம்பத்தூரையும் ஆவடியையும் கடந்து செல்லும் அதே இருப்புப்பாதையில், திருவள்ளூரை அடுத்து அமைந்த ஊர் அது. ஒவ்வொரு பள்ளிக்கும் என்ன தேவை என்பது பட்டியலிடப்பட்டது. ஊரார் தத்தம் இயல்பிற்கேற்பக் கட்டடம், நிலம், நாற்காலி, கடிகாரம், சீருடை என அளித்தனர். கடம்பத்தூரில் தொடங்கிய வழக்கம் மாநிலமெங்கும் மாநாடுகளாகப் பரவியது.

கொடுத்தவர்களின் உள்ளத்தில் அது விளைவித்த மாற்றமே அவ்வியக்கத்தின் பெரும்பயன். தாம் அளித்த மேசையைக் காண ஒருமுறையேனும் பள்ளிக்கு வருபவர், அங்கே குழந்தைகள் எவ்வாறு கற்கின்றனர் என்பதையும் காண்பார். இது சர்க்காரின் பள்ளி என்னும் எண்ணம் மாறி, 'இது எம் பள்ளி' என்னும் உணர்வு தோன்றியது.

ஒன்றியமும் ஆசிரியரும்

1958-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டத்தால் ஊராட்சி ஒன்றியங்கள் தோன்றின. ஊரகத் தொடக்கக் கல்வி அவற்றின் பொறுப்பாயிற்று. 'ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி' என்னும் பலகை அவ்வாறு பிறந்ததே. அக்காலப் பெயர்கள் நிலவரைபடம் மாறியபின்னும் நிலைத்திருப்பதைக் காண விரும்புவோர் ஆவடிக்கு அருகிலுள்ள சிற்றூர்களுக்குச் செல்லலாம். வில்லிவாக்கம் இன்று சென்னை மாநகரின் உள்ளே அமைந்த பகுதி. ஆயினும், மாநகர எல்லைக்கு அப்பால் உள்ள அச்சிற்றூர்கள் வில்லிவாக்கம் ஊராட்சி ஒன்றியம் என்னும் பெயராலேயே வழங்கப்பட்டு வந்தன.

ஒன்றியப் பள்ளிகளின் ஆசிரியர்கள் 1981 சூன் முதல் நாள் அரசு ஊழியராயினர். இம்மாற்றத்தின் பொருளை உணர உலக நடைமுறை ஒன்றை ஒப்பிடலாம். அமெரிக்காவில் பள்ளிகள், 'பள்ளி மாவட்டம்' என்னும் உள்ளூர் அமைப்புகளால் நடத்தப்படுகின்றன. மக்கள் தேர்ந்தெடுக்கும் கல்விக் குழு அதனை ஆள்கிறது; அப்பகுதியின் சொத்து வரி அதன் நிதியில் பெரும்பங்கு வகிக்கிறது. பள்ளியின்மீது உள்ளூர் மக்களுக்கு அங்கே நேரடியான அதிகாரம் உண்டு. ஆனால், செல்வர் வாழும் பகுதியின் பள்ளி செழிப்பதும் ஏழையர் வாழும் பகுதியின் பள்ளி வாடுவதும் அங்கே நெடுங்காலச் சிக்கலாக இருந்து வருகிறது.

தமிழ்நாட்டில் ஆசிரியர் ஊதியம் மாநில நிதியிலிருந்து வருகிறது. செங்கற்சூளைத் தொழிலாளர் வாழும் சிற்றூரின் ஆசிரியருக்கும் மாநகரின் நடுவே பணிபுரியும் அரசுப் பள்ளி ஆசிரியருக்கும் ஊதிய விகிதம் ஒன்றே. ஊரின் வறுமை ஆசிரியரின் ஊதியத்தைக் குறைப்பதில்லை. இது பெரும்பேறு. அதே வேளையில், முடிவெடுக்கும் இடம் ஊரை விட்டுத் தொலைவிற்குச் சென்றது. கூரை ஒழுகினால் கோட்டை வரை செய்தி செல்ல வேண்டியதாயிற்று. சமன்மையைப் பெற்ற நாம் அண்மையை ஓரளவு இழந்தோம்.

துறையின் படிநிலை

இன்றைய அமைப்பைச் சுருக்கமாக அறிவோம். மாநில அளவில் பள்ளிக் கல்வித் துறை செயல்படுகிறது. தொடக்க, நடுநிலைப் பள்ளிகளைத் தொடக்கக் கல்வி இயக்ககமும் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளைப் பள்ளிக் கல்வி இயக்ககமும் கண்காணிக்கின்றன. பாடத்திட்டம், ஆசிரியர் பயிற்சி ஆகியவற்றை மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் கவனிக்கிறது. பொதுத்தேர்வுகளை அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்துகிறது. பாடநூல்களைத் தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகம் வெளியிடுகிறது.

மாவட்ட அளவில் முதன்மைக் கல்வி அலுவலர் தலைமை ஏற்கிறார். அவருக்குக் கீழ் மாவட்டக் கல்வி அலுவலர்கள் உள்ளனர். 2022-இல் இப்பொறுப்புகள் தொடக்கக் கல்வி, இடைநிலைக் கல்வி, தனியார் பள்ளிகள் எனத் தனித்தனியே வகுக்கப்பட்டன. ஒன்றிய அளவில் வட்டாரக் கல்வி அலுவலர் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளை நேரில் பார்வையிடுகிறார். பள்ளி அளவில் தலைமையாசிரியரே நிருவாகத்தின் முகம்.

ஊர் வளர, எல்லை நகர

மேற்குப் புறநகரின் சிறப்புச் சிக்கல் வளர்ச்சியால் விளைந்தது. அம்பத்தூரில் 1949-இல் மிதிவண்டித் தொழிலகம் தோன்றியது. 1964-இல் தொழிற்பேட்டை அமைந்தது. ஆவடியின் கனரக ஊர்தித் தொழிலகத்தில் உருவான விஜயந்தா பீரங்கி வண்டி 1965-இல் வெளிவந்தது. வேலை தேடிப் பல மாவட்டங்களிலிருந்தும் குடும்பங்கள் வந்து குடியேறின. வயல்கள் மனைகளாயின, சிற்றூர்களுக்கென அமைந்த பள்ளிகளின் வாயிலில் நகரத்தின் குழந்தைகள் வந்து நின்றனர்.

ஆட்சி எல்லைகளும் நகர்ந்தன. செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த அம்பத்தூர், 1997-இல் திருவள்ளூர் மாவட்டம் உருவானபோது அதில் சேர்ந்தது. 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. 2018-இல் சென்னை வருவாய் மாவட்டத்திற்குள் வந்தது. ஆவடி 2019-இல் தனி மாநகராட்சியாயிற்று. பூவிருந்தவல்லி நகராட்சியாகத் தொடர்ந்தது. மாநகராட்சியோடு ஊர்கள் இணைந்த உடனே அவற்றின் பள்ளிகளும் மாநகராட்சியின் பள்ளிகளாகிவிடவில்லை. பல ஆண்டுகள் கழிந்தபின்னரே, விரிவடைந்த பகுதிகளின் 130-க்கும் மேற்பட்ட பள்ளிகள் மாநகராட்சியிடம் ஒப்படைக்கப்பட்டன. சாலையும் குடிநீரும் ஓர் அமைப்பிடம், பள்ளி வேறோர் அமைப்பிடம் என்றிருந்த இடைக்காலத்தில், ஒரு பள்ளியின் தேவையை எந்த அலுவலகத்தில் சொல்வது என்பதே பெற்றோர்க்கு ஒரு பாடமாயிற்று.

பள்ளிக் கல்வித் துறைக்கு வெளியேயும் பொறுப்பேற்போர் உண்டு என்பதற்குப் பூவிருந்தவல்லி சான்று. பார்வைத்திறன் குறையுடையோருக்கான அரசு மேல்நிலைப் பள்ளி அங்கே இயங்குகிறது. மாற்றுத்திறனாளிகள் நலத் துறை அதனை நடத்துகிறது. பிரெயில் நூல்களை அச்சிடும் அச்சகமும் அவ்வூரில் உண்டு. கண்ணால் படிக்க இயலாதவர்க்கு விரலால் படிக்கும் நூல் கிடைக்கவில்லையெனில், பள்ளி வாயில் திறந்திருந்தும் பயனில்லை.

மிதிவண்டி தரும் விளக்கம்

பதினொன்றாம் வகுப்பு மாணவர்களாகிய உங்களுக்கு நேரடித் தொடர்புடைய செய்தி ஒன்று உண்டு. 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளுக்கே இலவசக் கட்டாயக் கல்வியை உரிமையாக்குகிறது. உங்கள் வயது அவ்வெல்லையைக் கடந்துவிட்டது. நீங்கள் இன்று அரசுப் பள்ளியில் கட்டணமின்றிப் பயில்வது மாநிலம் தானே விரும்பி ஏற்ற பொறுப்பினால் ஆகும்.

தமிழ்நாட்டில் 1978-இல் மேல்நிலைக் கல்வி தொடங்கியது. அதற்கு முன் கல்லூரியின் புகுமுக வகுப்பில் பயின்ற பாடங்கள் பள்ளிக்கு வந்தன. நகரக் கல்லூரிக்குச் செல்ல இயலாத பலர்க்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, இது பெருவாய்ப்பாக அமைந்தது. எனினும், உயர்நிலைப் பள்ளி பத்தாம் வகுப்போடு நின்றுவிடும். அங்கே பயின்றவர் மேல்நிலைப் பள்ளியைத் தேடித் தொலைவு செல்ல வேண்டும். அத்தொலைவு காரணமாகவே படிப்பை நிறுத்தியோர் பலர். 2001-2002-ஆம் கல்வியாண்டில் ஆதிதிராவிட, பழங்குடியின மாணவியர்க்குத் தொடங்கி, பின்னர் அனைவர்க்கும் விரிந்த விலையில்லா மிதிவண்டித் திட்டம் பதினொன்றாம் வகுப்பைத் தேர்ந்ததன் காரணம் இதுவே. மிதிவண்டித் தொழிலால் வளர்ந்த அம்பத்தூர்ப் பகுதியின் மாணவர்க்கு இச்செய்தி தனிப்பொருள் தரும்.

இன்னும் எழுதப்படாத பெயர்

இவ்வளவு அமைப்புகள் இருந்தும் எந்தப் பதிவேட்டிலும் இடம்பெறாத குழந்தைகள் உள்ளனர். திருவள்ளூர் மாவட்டத்தின் செங்கற்சூளைகளுக்கு ஒடிசா முதலிய மாநிலங்களிலிருந்து தொழிலாளர் குடும்பங்கள் ஆண்டுதோறும் வருகின்றன. கல்வியாண்டின் இடையில் வந்து, மழைக்காலம் தொடங்குமுன் அவர்கள் திரும்புகின்றனர். சொந்த ஊரின் பள்ளியில் அக்குழந்தை 'வருகையின்மை'. வந்த ஊரின் பள்ளியில் அதற்குப் பெயரே இல்லை. மொழியும் ஒரு தடை. அவர்கள் தாய்மொழியில் கற்பிக்கும் சிறப்பு மையங்கள் இம்மாவட்டத்தில் நடத்தப்பட்டிருப்பது நல்ல தொடக்கம்.

சட்டம் இதில் தெளிவாக உள்ளது. இடம்பெயர்ந்த குடும்பத்தின் குழந்தையைப் பள்ளியில் சேர்ப்பது, அக்குழந்தை வாழும் பகுதியின் உள்ளாட்சி அமைப்பின் கடமை. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாகிறது என்றோ வயதுச் சான்று இல்லை என்றோ சேர்க்கையை மறுக்க இயலாது. வயதிற்கேற்ற வகுப்பில் சேர்த்து, விடுபட்ட பாடங்களுக்குச் சிறப்புப் பயிற்சி அளிக்க வேண்டும். 'யார் பொறுப்பு' என்னும் வினாவிற்குச் சட்டம் விடை தந்துவிட்டது. சூளையின் புகைக்கு அப்பால் ஒரு குழந்தை இருக்கிறது என்பதைப் பள்ளிக்குச் சொல்பவர் யார் என்பதே எஞ்சியுள்ள வினா.

அதற்குரிய இடமும் சட்டத்திலேயே உண்டு. அதுவே பள்ளி மேலாண்மைக் குழு. அதன் உறுப்பினர்களுள் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். மொத்த உறுப்பினருள் பாதிப்பேர் பெண்கள். பள்ளியின் வளர்ச்சித் திட்டத்தை வகுப்பதும், வரும் நிதி முறையாகச் செலவாகிறதா என்று பார்ப்பதும் அக்குழுவின் பணிகள். கடம்பத்தூரில் நன்கொடையாளராகப் பள்ளிக்குள் வந்த ஊரார், இக்குழுவின் வழியாக உரிமையுடையோராக வருகின்றனர். இழந்த அண்மையை மீட்டெடுக்கும் வழி இது. கூட்டத்திற்கு வந்து கையொப்பமிட்டுச் செல்வதோடு பெற்றோர் நின்றுவிட்டால் அவ்வழி தூர்ந்துபோகும். வினா எழுப்பினால் அது வலுப்பெறும்.

இரண்டு நூற்றாண்டுகளில் பொறுப்பு குடும்பத்திடமிருந்து ஊருக்கும், ஊரிடமிருந்து மாநிலத்திற்கும் சென்று, மீண்டும் பெற்றோரின் கைகளையும் தேடி வந்துள்ளது. பள்ளியின் பெயர் எதுவாயினும், அதன் பதிவேட்டில் அப்பகுதியின் ஒவ்வொரு குழந்தையின் பெயரும் இடம்பெறும் நாளில்தான் வாயிலின் மேலுள்ள பலகை முழுமை பெறும்.

தெரிந்து தெளிவோம்

வகுப்புகளின் அடிப்படையில் தமிழ்நாட்டுப் பள்ளிகள்:
தொடக்கப் பள்ளி – 1 முதல் 5 வரை
நடுநிலைப் பள்ளி – 1 முதல் 8 வரை
உயர்நிலைப் பள்ளி – 6 முதல் 10 வரை
மேல்நிலைப் பள்ளி – 6 முதல் 12 வரை

சொல்லும் பொருளும்

கணக்காயர் – ஆசிரியர்
சட்டாம்பிள்ளை – வகுப்பை மேற்பார்க்கும் மாணவத் தலைவன்
கருவூலம் – அரசின் பொருள் வைப்பிடம்
அண்மை – அருகில் இருத்தல்
தூர்தல் – அடைபட்டுப் போதல்

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியிலுள்ள பள்ளிகளின் பெயர்ப்பலகைகளை எழுதிவந்து, ஒவ்வொன்றையும் நடத்தும் அமைப்பு எது எனப் பட்டியலிடுக.
2. உங்கள் பள்ளி தொடங்கப்பட்ட ஆண்டு, இடம் அளித்தோர், தரம் உயர்த்தப்பட்ட ஆண்டு ஆகியவற்றைத் தலைமையாசிரியரிடமும் ஊர்ப் பெரியோரிடமும் கேட்டறிந்து 'எம் பள்ளியின் வரலாறு' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதுக.
3. பள்ளியில் செய்யப்பட வேண்டிய பணி ஒன்றைக் குறிப்பிட்டுப் பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவருக்கு விண்ணப்பம் எழுதுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. பள்ளிச் சீரமைப்பு இயக்கத்தின் முதல் மாநாடு நடைபெற்ற ஊர்
அ) ஆவடி ஆ) கடம்பத்தூர் இ) பூவிருந்தவல்லி ஈ) கீழச்சேரி

2. ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியரான ஆண்டு
அ) 1958 ஆ) 1978 இ) 1981 ஈ) 2010

குறுவினா

1. 'மெட்ராஸ் முறை' – பெயர்க்காரணம் தருக.
2. மன்றோவின் கணக்கெடுப்பு பெண்கல்வி குறித்து உணர்த்துவது யாது?
3. விலையில்லா மிதிவண்டி பதினொன்றாம் வகுப்பில் வழங்கப்படுவது ஏன்?

சிறுவினா

1. 'சமன்மையைப் பெற்ற நாம் அண்மையை ஓரளவு இழந்தோம்' – இடஞ்சுட்டி விளக்குக.
2. இடம்பெயர்ந்த குடும்பத்துக் குழந்தைகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் அளிக்கும் பாதுகாப்புகளைக் குறிப்பிடுக.

நெடுவினா

குழந்தையின் கல்விக்கு யார் பொறுப்பு என்னும் வினாவிற்குத் தமிழ்நாட்டில் காலந்தோறும் கிடைத்த விடைகளைச் சென்னையின் மேற்குப் புறநகரைச் சான்றாகக் கொண்டு கட்டுரைக்க.